பழைய ஸ்ரவணி, புது கார்டு

கீழே ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள், மிஷினைச் செய்தவரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறாள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னபோது, ரஞ்சனா மேஜை முழுக்க ஒயர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 2012 மார்ச் மாதம். புது மாடலின் முதல் சர்க்யூட் போர்டு அடுத்த வாரம் வரவேண்டும். அதற்குள் முடிக்கவேண்டிய வேலை கழுத்துவரை இருந்தது.

"சர்வீஸ் ஆளைப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள்.

"பார்த்தாச்சு மேடம். அவர் புதுசு வாங்கிக்கச் சொல்லிட்டார். அந்தப் பொண்ணு எழுந்திருக்கமாட்டேங்குது."

பாலாநகர் தொழிற்பேட்டையில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது அந்தக் கம்பெனி. மொத்தம் முப்பது பேர். பார்வையில்லாதவர்கள் புத்தகம் கேட்பதற்காக ஒரு சின்னக் கருவி செய்து விற்றார்கள். ஸ்ரவணி என்று பெயர். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மேலே ஐந்து பட்டன், பக்கவாட்டில் மெமரி கார்டு செருக ஓர் இடம். கார்டில் பதிவு செய்த பாடத்தையும் கதையையும் அது வாசித்துக் காட்டும். நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 2006-இல் வெளிவந்தது. ஆந்திரா முழுக்க ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். அதற்குள் ஓடும் புரோகிராம் முழுவதையும் எழுதியவள் ரஞ்சனா. கரூரிலிருந்து படிப்பை முடித்துவிட்டு ஹைதராபாத் வந்த புதிதில், இருபத்து நாலு வயதில் எழுதியது.

அவள் கீழே போனாள். பெஞ்சில் வெள்ளைக் குச்சியை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தைந்து இருக்கலாம். பெயர் ரோஸ்லின். மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். போவன்பள்ளி மார்க்கெட் வாசலில் லாரிகள் அடைத்துக்கொண்டதால் முக்கால் மணி நேரம் வழியிலேயே போயிற்று என்றாள். தமிழ்தான் பேசினாள், மூன்று தலைமுறையாக சிகந்தராபாத்தில் இருக்கிறவர்களின் தமிழ், நடுநடுவே அந்த ஊர் உருது கலந்தது.

"என்ன பிரச்சினைங்க?" என்று ரஞ்சனா கேட்டதும், ரோஸ்லின் தலையைச் சற்றுச் சாய்த்தாள்.

"மேடம், 'கார்டு சரியில்லை'ன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்."

ரஞ்சனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சொன்னாள்.

ரோஸ்லின் சிரித்துவிட்டாள். "நீங்கதான். ஆறு வருஷமா உங்க குரலைக் கேட்டுட்டு இருக்கேன். போன மாசத்துலேருந்து, புது கார்டு போட்டா, இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்றீங்க."

அப்போதுதான் ரஞ்சனாவுக்கு ஞாபகம் வந்தது. தெலுங்கு, இந்தி, தமிழ் மூன்றிலும் கருவி பேச வேண்டும். தமிழுக்கு வெளியாள் யாரையும் தேடாமல், மாடிப்படிக்குக் கீழே போர்வையைத் தொங்கவிட்டுத் தன் குரலையே பதிவு செய்திருந்தாள். அந்தக் குரலோடு ஒருத்தர் ஆறு வருஷம் குடித்தனம் பண்ணியிருப்பார் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். ரோஸ்லின் ஒரு கூரியர் ஆபீஸில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள். ஜூனில் வங்கி அதிகாரிப் பரீட்சை. பேசும் புத்தகங்கள் தருகிற நூலகத்தில் பாடங்களையெல்லாம் எட்டு ஜிபி கார்டில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஸ்ரவணிக்கு இரண்டு ஜிபிக்கு மேல் தெரியாது. பழைய சின்னக் கார்டு வாங்கலாமென்று கோட்டியில் கடை கடையாகக் கேட்டாயிற்று. அதெல்லாம் வருவதே நின்றுவிட்டது என்று கையை விரித்தார்கள்.

"புது மாடல் ஆகஸ்ட்ல வருதுங்க" என்றாள் ரஞ்சனா.

"பரீட்சை ஜூன்ல. அதில்லாம, 'கைக்கூ' புதுசு? எதுக்குன்னு கேக்கறேன். பட்டன் நல்லாருக்கு, பேச்சு நல்லாருக்கு. கார்டுதான் தெரியலங்குது. எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வாரா வாரம் அப்டேட் வருது. முன்னாடி தெரியாததெல்லாம் அப்புறம் அதுக்குத் தெரியுது. இதுக்குள்ளயும் கம்ப்யூட்டர்தானே இருக்கு?"

"இது பழைய ஹார்டுவேர்ங்க. முடியாது."

"பார்த்துட்டு சொல்றீங்களா, பார்க்காமலே சொல்றீங்களா மேடம்?"

ரஞ்சனாவுக்குச் சுருக்கென்றது. பார்க்காமல்தான் சொன்னாள். போனில் இதுவரை இருபது பேருக்காவது இதே பதிலைச் சொல்லியிருந்தாள். "ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்று ரோஸ்லினின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டே பழைய புரோகிராமைத் தேடி எடுத்தாள். பாதி எழுத்து அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கார்டைச் செருகியதும் கருவி அதனிடம் சில கேள்விகள் கேட்கும். பதில் தெரிந்த மாதிரி வந்தால் வாசிக்கும். வராவிட்டால் 'கார்டு சரியில்லை' என்று சொல்லிவிடும். அந்த வரியை அவள்தான் எழுதியிருந்தாள். அன்றைக்குப் பெரிய கார்டு கடைக்கே வந்திருக்கவில்லை, அதனால் தெரியாத பதில் எல்லாம் கெட்ட கார்டு என்று முடிவு கட்டியிருந்தாள். இப்போது புது கார்டின் விவரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தகரப் பற்கள் அதே ஒன்பதுதான், இணைப்பும் அதேதான். கேள்வி கேட்கிற விதத்தையும் பதிலைப் புரிந்துகொள்கிற விதத்தையும் மாற்றினால் போதும். சாம்பார் சாதம் ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி நாராயணஸ்வாமிக்கு அறுபது வயது. மாரேட்பள்ளிக்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ரஞ்சனா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நக்கோம்மா. வேண்டாம். ஒரு பொருளுக்கு ஆயுசுன்னு ஒண்ணு இருக்கு. ரேடியோ வாங்கினவன் பத்து வருஷம் கழிச்சு வந்து, இதை டிவி ஆக்கிக் கொடுன்னு கேக்கலாமா?"

"டிவி கேக்கலைங்க சார். அதே ரேடியோவுல புது ஸ்டேஷன் எடுக்கணும்னு கேக்கறாங்க."

"ஆயிரத்து நூறு பெட்டியும் ஊர் ஊரா கிடக்கு. அப்டேட் பண்றேன்னு போய் ஒண்ணு ரெண்டு செத்துப்போனா?"

"சாகாத மாதிரி எழுதறேன்."

"புது மாடல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது."

"போகாதுங்க சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ஹவ், சரி. ஆனா ஒரு பெட்டி செத்தாலும், அந்த ஆள்கிட்ட பதில் சொல்றது நீ. நான் போனை எடுக்கமாட்டேன்."

முதலில் முட்டுக்கட்டை போட்டது இடம். புரோகிராம் தங்கும் சிப்பில் மொத்தமே அறுபத்து நாலு கிலோபைட். அதில் மூன்றுதான் காலி. பெரிய கார்டைப் படிக்கும் பகுதிக்குக் குறைந்தது பத்து வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து எழுத்தைச் சுருக்கினாள், இன்னும் இரண்டு கிலோபைட் கிடைத்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் எதையாவது தூக்கியெறிய வேண்டும். எதை என்பதைத் தானே முடிவு செய்ய அவளுக்கு இஷ்டமில்லை. ரோஸ்லினைக் கூப்பிட்டுக் கேட்டாள். ரோஸ்லின் தனக்குத் தெரிந்த ஸ்ரவணிக்காரர்கள் ஆறு பேரை ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரவழைத்தாள்.

வேகத்தைக் கூட்டும் வசதியில் கைவைக்கக்கூடாது என்றாள் கல்லூரியில் படிக்கும் நஸ்ரின். அலாரம் இல்லாவிட்டால் வேலைக்குப் போகமுடியாது என்றார் மல்லாபூர் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருக்கும் செல்லப்பா. பேசிப் பேசி, கருவியை ஆன் செய்ததும் வருகிற வீணை இசையில் வந்து நின்றார்கள்.

"அது முடியற வரைக்கும் காத்துட்டு இருக்கோம் மேடம்" என்றாள் ரோஸ்லின். "தினமும் ஆறு செகண்ட்."

அந்த ஆறு விநாடி ஒன்பது கிலோபைட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அதை வாசித்தவள் நாராயணஸ்வாமியின் மகள்.

திங்கட்கிழமை காலையில் ரஞ்சனா அவர் அறைக்குப் போய் நேராகவே சொன்னாள். அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார்.

"அவங்களே சொன்னாங்களா?"

"ஏழு பேரும் சொன்னாங்க சார்."

"பாட்டு வாத்தியார் ஒருத்தர் இருந்தார்ங்கறியே, அவருமா?"

"அவருந்தாங்க."

நாராயணஸ்வாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெட்டு. வெட்டறதுக்கு முன்னாடி அதை என் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்துடு."

அடுத்த கேள்வி, புது புரோகிராமைக் கருவிக்குள் எப்படி ஏற்றுவது என்பது. அதற்கு ஒரு வழி முதல் நாளிலிருந்தே இருந்தது. இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திக்கொண்டு ஆன் செய்தால், சின்னக் கார்டிலிருக்கும் புது புரோகிராமைக் கருவி தானே படித்து எழுதிக்கொள்ளும். தொழிற்சாலையில் உபயோகிப்பதற்காக ரஞ்சனா வைத்தது. வெளியே யாருக்கும் சொன்னதில்லை. மேஜைமேல் இருந்த மூன்று கருவிகளில் செய்து பார்த்தாள். எட்டு ஜிபி கார்டைச் செருகினாள். மூன்றும் புத்தகத்தின் பெயரைச் சொல்லி வாசிக்க ஆரம்பித்தன.

ஏப்ரல் இரண்டாவது வாரம், முதல் நிஜக் கருவியாக ரோஸ்லினுடையதையே எடுத்துக்கொண்டார்கள். அவள்தான் பிடிவாதமாகக் கேட்டாள். மெட்டுகூடாவில் அவள் வீட்டில், பகல் மூன்று மணிக்கு, சார்ஜரில் செருகியபடியே ஆரம்பித்தார்கள். "எழுதுகிறது. அணைக்க வேண்டாம்" என்று கருவி ரஞ்சனாவின் குரலில் சொன்னது. சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. அந்தக் கோடையில் கரண்ட் போகாத நாளே கிடையாது. ஆறு வருஷத்துப் பேட்டரி ஒரு விநாடிகூடத் தாங்கவில்லை.

ரோஸ்லின் பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தாள்.

"செத்துப்போச்சா?"

"இங்க வச்சு எழுப்ப முடியாதுங்க. ஆபீஸுக்குக் கொண்டுபோறேன்."

ரோஸ்லின் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் கருவியைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். "நாளைக்குள்ள கொடுத்துடுங்க. பழைய கார்டுல கணக்குப் பாடம் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸில் மூடியைக் கழற்றி, ஒயர் கொடுத்து, பத்து நிமிஷத்தில் உயிர் கொடுத்துவிட்டாள். ஆனால் ஆதிலாபாத்திலோ கம்மத்திலோ இருக்கிற ஆளுக்கு யார் ஒயர் கொடுப்பது? தப்பு எங்கே என்று பார்த்தபோது அது இருபத்து நாலு வயது ரஞ்சனாவின் தப்பாக இருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, கார்டைப் படிக்கும் பகுதியைப் பிரதான புரோகிராமுக்குள்ளேயே வைத்திருந்தாள். புதியதை எழுதும்போது அதுவும் சேர்ந்து அழியும். பாதியில் நின்றால், மீதியை எழுதுவதற்குக் கார்டைப் படிக்க எதுவும் இருக்காது.

"சொன்னேனா இல்லையா?" என்றார் நாராயணஸ்வாமி. "நீ முயற்சி பண்ணே, ஆகலை. விட்டுடும்மா."

"ஆகலைன்னு இல்லீங்க சார். எங்க தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் பதினஞ்சு நாள் கொடுங்க."

அவள் முழுவதையும் பிரித்து எழுதினாள். முதலில் கார்டைப் படிக்கும் பகுதி மட்டும் தனியாக ஒரு மூலையில் போய் உட்காரும். அதற்கு எட்டு விநாடி. அதன் பிறகு அதை யாரும் அழிக்கமாட்டார்கள். மற்றதெல்லாம் துண்டு துண்டாக ஏறும். எந்தத் துண்டு வரை ஏறியது என்று கருவி குறித்து வைத்துக்கொள்ளும். இடையில் அணைந்தால், மறுபடி ஆன் ஆனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த எட்டு விநாடிதான் ஆபத்து. அதற்காக, பேட்டரியில் தெம்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் ஆரம்பிக்காதே என்று எழுதினாள். புது மாடல் வேலையைக் காலையிலும் இதை மத்தியானத்திலும் பார்த்தாள். வேண்டுமென்றே புரோகிராமை நிறுத்தி நிறுத்தி, ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி, இருநூறு தடவை சோதித்தாள். இருநூறு தடவையும் பிழைத்துக்கொண்டது.

பிறகு பத்துப் பேரிடம் கருவி வாங்கிப் போட்டுப் பார்த்தாள். ஏழு கருவிகள், "பேட்டரி போதாது" என்று சொல்லி ஆரம்பிக்கவே மறுத்தன.

ரஞ்சனா அந்த ஏழையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேட்டரி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது புரோகிராமில் ஒரே ஓர் எண். அதைக் குறைத்துவிட்டால் ஏழும் ஆரம்பித்துவிடும். ஐந்து பிழைக்கும், இரண்டு சாகும். விரல் அந்த எண்ணின் மேல் போய்விட்டுத் திரும்பி வந்தது. எத்தனை எழுதினாலும் தேய்ந்த பேட்டரியைப் புதிதாக்க முடியாது. மென்பொருளால் ஆகிற காரியம் இதுவரைதான். மிச்சத்தை வேறு வழியில்தான் செய்யவேண்டும்.

அவள் லைன் சூப்பர்வைசர் கிரிஜாவிடம் போனாள். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் வேலையில் கிரிஜாவின் கையை மிஞ்ச அந்த ஏரியாவில் ஆள் இல்லை.

"ஒரு பேட்டரி மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூடியைக் கழட்டி மாட்டறதுக்குத்தான் நேரம். சால்டர் பண்றது ஒரு நிமிஷம்."

அதை ரோஸ்லினிடம் சொன்னதும் அவள் கேட்டாள்: "மூடியில எத்தனை ஸ்க்ரூ?"

"நாலு."

"ஸ்க்ரூ கழட்டறதுக்குக் கண்ணு எதுக்கு? அதை எங்ககிட்ட விடுங்க."

மே மாதக் கடைசி ஞாயிறு, சிகந்தராபாத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலைக் கேட்டு வாங்கினார்கள். நூலகத்துக்காரர்களும் ரோஸ்லினும் போன் பண்ணிச் சொல்லியிருந்தார்கள். வாரங்கல், நல்கொண்டா, ஏன், கர்னூலிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். நூற்று நாற்பத்து மூன்று கருவிகள். ஒரு நீள மேஜையில் ரோஸ்லினும் நஸ்ரினும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஸ்க்ரூ தொலையாமலிருக்க ஆளுக்கொரு டம்ளர். அடுத்த மேஜையில் கிரிஜாவும் இரண்டு பெண்களும் பேட்டரியை மாற்றினார்கள். மூடியை மாட்டிய பிறகு ரஞ்சனாவிடம் வரும். பத்து மணிக்குப் பிறகு நாராயணஸ்வாமியும் வந்து, நாற்காலிகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போயிற்று.

விசிறிகள் மெதுவாகச் சுற்றி நின்றன. பேச்சும் நின்றது. அந்த நேரத்தில் ரஞ்சனாவின் மேஜைமேல் இருபத்திரண்டு கருவிகள் எழுதிக்கொண்டிருந்தன. நாராயணஸ்வாமி ஒரு நாற்காலியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். மூலையில் ஒரு கருவி, "எழுதி முடிந்தது" என்றது. பிறகு தெலுங்கில் ஒன்று, இந்தியில் ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசிக்கொண்டே வந்து, இருபத்திரண்டாவதும் பேசியது. ரோஸ்லின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரண்டு. சரியா அக்கா?"

"சரிதாம்மா" என்றாள் ரஞ்சனா. அன்றுதான் ரோஸ்லின் அவளை முதல் முதலாக அக்கா என்றாள்.

கிரிஜாவின் சால்டரிங் மட்டும் கரண்ட் வரும்வரை நின்றது. மாலை நாலரைக்கு முடித்தபோது நூற்று இருபத்தாறு கருவிகள் பெரிய கார்டைப் படித்தன. பதினேழு படிக்கவில்லை. சிலவற்றில் கார்டு செருகும் இடம் உடைந்திருந்தது, சிலவற்றில் மழைத்தண்ணீர் புகுந்து போர்டு பச்சையாகப் பூத்திருந்தது. அந்தப் பதினேழில் ஒன்று செல்லப்பாவுடையது. ரஞ்சனா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இதை ஒன்றும் செய்ய முடியாது என்று மழுப்பாமல் சொன்னாள்.

அவர் கருவியைக் கையில் வாங்கி ஒரு தடவை தடவிப் பார்த்தார். "பார்த்துட்டுத்தானே சொல்றீங்க?"

"பார்த்துட்டேங்க சார். போர்டே அரிச்சுப்போச்சு."

"சரி. புதுசுல பட்டன் இதே இடத்துல இருக்குமா?"

ரஞ்சனா அந்தக் கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டாள். புது மாடலில் பட்டன் இல்லை. தொட்டால் வேலை செய்யும் வழவழப்பான கண்ணாடித் தகடு. பார்க்க அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தது. சேர்ந்து என்றால் அவளும்தான்.

வரமுடியாதவர்களுக்குப் புரோகிராமைக் கம்பெனியில் மிச்சமிருந்த பழைய சின்னக் கார்டுகளில் போட்டு, பேட்டரியோடு, மாவட்ட நூலகங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கங்கே இருந்த ரேடியோ மெக்கானிக்குகள் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். ஜூன் முடிவதற்குள் அறுநூறுக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்றுகூடச் சாகவில்லை. ரோஸ்லின் எட்டு ஜிபி முழுவதையும் இரட்டை வேகத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போனாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், ஆங்கிலம்தான் கொஞ்சம் இழுத்துவிட்டது என்று வெளியே வந்ததும் போன் பண்ணினாள்.

ஜூலை முதல் வாரம் புது மாடலை இறுதி செய்யும் கூட்டம். ரஞ்சனா ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடித் தகடு வேண்டாம், பழைய இடத்திலேயே ஐந்து பட்டன். பேட்டரியை யாரும் கையால் கழற்றி மாட்டுகிற மாதிரி மூடி. சிப் இரண்டு மடங்கு பெரியது.

"பட்டன், ஹவ், ஒத்துக்கறேன்" என்றார் நாராயணஸ்வாமி. "மூடியும் சரி, அந்த ஹால்ல நானே பார்த்தேன். ஆனா இப்ப இருக்கற சிப்லயே பாதி காலியா கிடக்கு. இன்னும் பெருசு எதுக்கு? ஆகஸ்ட் தள்ளிப்போகும்."

"மூணு வாரம் தள்ளிப்போகும் சார். தள்ளிப்போகாதுன்னு முன்னாடி சொன்னேன், இப்ப நானே வந்து கேக்கறேன்."

"காலி இடத்துல என்ன வைக்கப்போறே, அதைச் சொல்லு."

"தெரியாதுங்க. ஆறு வருஷம் கழிச்சு என்ன கார்டு வரும், புத்தகம் எந்த மாதிரி வரும், இப்ப யாருக்கும் தெரியாது. போன தடவை தெரிஞ்ச மாதிரி எழுதித்தான் மாட்டிக்கிட்டேன். தெரியாததுக்குத்தான் சார் இடம் கேக்கறேன்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, மூன்றாவது வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு பர்ச்சேஸ் ஆளைப் பார்த்து, பெரிய சிப்புக்கு எத்தனை நாளில் சரக்கு வரும் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். ரஞ்சனா எழுந்து போய்ப் புது போர்டின் படத்தை மேஜைமேல் விரித்து, ஐந்து பட்டனுக்கு இடம் குறிக்க ஆரம்பித்தாள்.